கருப்பு மை

நான் மத்தியப் பிரதேசத்திற்குத் தமிழாசிரியராக வந்த முதல் ஆண்டு அது. மழைக்காலத்தில் ஒருநாள், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கட்டுரை ஏட்டை என்னிடம் நீட்டினாள். தலைப்பைக் கருப்பு நிறத்தில் மட்டுமே எழுதவேண்டும் என்பது என் கட்டளை. அவள் ஏட்டிலோ தலைப்பைச் சுற்றி நீலமும் இளஞ்சிவப்பும் படர்ந்திருந்தன.

“கருப்பு ஸ்கெட்ச் பேனாவால்தான் எழுதினேன், ஐயா. வரும் வழியில் மழையில் நனைந்துவிட்டது” என்றாள்.

நான் நம்பவில்லை. பொய் கூறுவதாக எண்ணி, வகுப்பின் முன்னே கடிந்துகொண்டேன். அவள் தலைகுனிந்து நின்றாள்.

மறுநாள் அதே பேனாவையும் வடிதாள் கீற்று ஒன்றையும் கொண்டுவந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவள் அண்ணன் கற்றுக்கொடுத்தானாம். தாளின் அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் பென்சிலால் கோடு வரைந்தாள். அதன் நடுவே கருப்புப் புள்ளி ஒன்றை இட்டாள். புள்ளி மூழ்காதவாறு, தாளின் நுனியை மட்டும் குவளை நீரில் தோய்த்து நிறுத்தினாள். நீர் மெல்ல மேலேறியது. புள்ளியைத் தொட்டதும் கருமை கலைந்தது. நீலம் உயரச் சென்றது, இளஞ்சிவப்பு பின்தங்கியது. முந்தைய நாள் ஏட்டில் நான் கண்ட அதே நிறங்கள்! பென்சில் கோடு மட்டும் கரையாமல் அப்படியே இருந்தது.

கருப்பு மை ஒரே பொருளன்று. பல சாயங்களின் கலவை. ஏறும் நீர் சாயங்களைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது; தாள் அவற்றைப் பற்றி நிறுத்துகிறது. நீரில் நன்கு கரைந்து, தாளில் குறைவாக ஒட்டும் சாயம் நெடுந்தொலைவு செல்லும். தாளை இறுகப் பற்றும் சாயம் கீழேயே தங்கும். இதுவே வண்ணப்பிரிகை முறை.

இம்முறையைக் கண்டவர் மிகைல் ஸ்வெட் என்னும் தாவரவியல் அறிஞர். இலைச்சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கி, பச்சை, மஞ்சள் நிறமிகளைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்தார். 1906 இல் இதற்குக் குரோமட்டோகிராபி எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘நிறத்தால் எழுதுதல்’ என்பது அதன் பொருள்.

வகுப்பறியக் கடிந்த நான், வகுப்பறியவே அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆராயாமல் எவரையும் கடிதல் கூடாது என்று அன்று உறுதிபூண்டேன். மாணவர்களே, கருப்புப் பேனாவும் குவளை நீரும் உங்கள் வீட்டிலும் இருக்கும். நீங்களும் செய்து பாருங்கள்.

சிந்தித்து எழுதுக

1. கோட்டைப் பேனாவால் வரையாமல் பென்சிலால் வரைந்தது ஏன்?
2. ஆசிரியர் தனியே அழைக்காமல், வகுப்பின் முன்னே மன்னிப்புக் கேட்டது ஏன்?