அடிமண்

சிகரெட்டை நான் தொட்டதே இல்லை. ஆனாலும் என் நோயின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது அதைத்தான். வயது 34. நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை. விடாத இருமலை, எக்ஸ்ரே பார்த்துக் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் இளவயதுக்காரர் பலருக்கும் இப்படித்தான் காலம் கடந்துவிடுகிறது. நுரையீரல் திசுவுக்கு வலி தெரியாது, உடம்பும் காட்டிக்கொடுக்கவில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் விலாவில் ஊசி செருகி ஒரு லிட்டருக்கு மேல் நீர் வடித்தார்கள்.

சதையைச் சோதித்ததில் ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணு மாற்றம் தெரிந்தது. புகைக்காதவர்களிடமும் ஆசியர்களிடமும் அதிகம் காணப்படுவது அது. தினமும் 80 மில்லிகிராம் ஒசிமெர்டினிப் விழுங்குகிறேன். நகச்சுற்று படுத்துகிறது, கட்டி சுருங்கியிருக்கிறது. இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2015 நவம்பரில். இதே மரபணு மாற்றம் இருந்த மூளை அறுவை மருத்துவர் பால் கலாநிதி அந்த மார்ச்சிலேயே, 37 வயதில் போய்விட்டார். அந்த எட்டு மாத இடைவெளி பல ராத்திரிகளில் என்னைத் தூங்கவிடுவதில்லை.

உயிர் இருக்கிறது. மூச்சைப் பற்றி நினைக்காமலே மூச்சு விட்ட காலம்தான் போய்விட்டது.

சித்திரை வெயிலில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அடிமண் எடுப்பதுதான் பந்தயம். மோட்டார் ரூம் மேலிருந்து பாய்ந்து, தம் கட்டித் தலைகீழாக இறங்குவோம். பாதியில் காது அடைக்கும், தண்ணீர் சட்டென்று சில்லிடும், வெளிச்சம் பச்சையாகிக் கருத்துவிடும். கை சேற்றில் புதையும்போது நெஞ்சு வெடிக்கப் பார்க்கும். அப்போதும் அவசரப்பட மாட்டேன். விரல் நிறைய அள்ளிக்கொண்டுதான் காலை உதைப்பேன். மேலே வந்து மண்ணைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வாய் பிளந்து இழுப்பேனே ஒரு மூச்சு, அடிவயிறு வரை போகும். அப்படி ஒன்று இனி எனக்குள் போகாது. அத்தனை வருடம் முங்கியும் ஒரு சொட்டுத் தண்ணீரை நெஞ்சுக்குள் விட்டவனில்லை நான்.

இந்தக் கோடையில் அண்ணன் மகன் முதுகில் பிளாஸ்டிக் கேன் கட்டி நீச்சல் பழகுகிறான். "சித்தப்பா, எப்ப வந்து முங்கக் கத்துக் கொடுப்பீங்க?" என்று போனில் கேட்டான். படியில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றேன். அவனுக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை.