ஆட்டம் கொடுக்கும் ஸ்டீரிங்

பழைய வாகனம் ஒன்றை வைத்திருப்பவரிடம் நலம் விசாரித்தால், "இன்ஜின் நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். வண்டி ஓடுகிறது என்பதே நமக்குப் போதுமானதாக இருக்கிறது. சொன்ன இடத்தில் திரும்புகிறதா, சொன்ன அளவுக்குத் திரும்புகிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. இன்ஜின் பழுதானால் வண்டி நின்றுவிடும். நட்டம் பணத்தோடு முடிந்துவிடும். ஸ்டீரிங் பழுதானால் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்தே அதுதான்.

என் தாய்மாமா பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர். கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகத் தெலுக் இந்தான் சந்தைக்கு இறக்குவார். வாரத்தில் ஆறு நாள் இதுதான் வேலை. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளும் அந்த மலைச்சாலையில் நேரான இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவரிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த 2.4 லிட்டர் டீசல் ஹைலக்ஸ். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு அரிசி வந்ததும் நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படிக்க வந்ததும் அந்த வண்டியால்தான்.

கடந்த ஆண்டு விடுமுறையில் அவரோடு ஒருநாள் மலையிலிருந்து இறங்கினேன். வளைவே இல்லாத இடத்திலும் மாமாவின் கைகள் ஸ்டீரிங்கை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, "பழைய வண்டின்னா கொஞ்சம் ஆட்டம் இருக்கும்மா, கைக்குப் பழகிடுச்சு" என்றார். வீட்டுக்கு வந்ததும் சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீரிங் வளையத்தின் ஓரத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முன்சக்கரம் அசையத் தொடங்கும் முன்பே வளையம் 65 மில்லிமீட்டர் நகர்ந்தது. இந்த வகைப் பழைய டொயோட்டா வண்டிகளின் கையேட்டில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 30 மில்லிமீட்டர். வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது தண்டே ஆடி 'டக் டக்' என்று ஓசை வந்தது.

இந்த ஆட்டத்துக்காக மாமா ஒரு பட்டறைக்கு முன்பே போயிருந்தார். அங்கே ஸ்டீரிங் பாக்ஸின் மேலிருக்கும் சரிசெய்யும் திருகை இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு ஆட்டம் சற்றுக் குறைந்ததுபோல் தெரிந்ததாம். ஆனால் வளைவைத் தாண்டியதும் தானாக நேராக வேண்டிய ஸ்டீரிங் திரும்ப மறுத்தது. கையால் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பது அப்போதே எனக்குப் புரிந்தது.

"மாத்திடலாம் மாமா" என்றேன்.

"அடுத்த மாசம் உனக்குச் செமஸ்டர் கட்டணம் கட்டணும். அதை முடிச்சிட்டு வண்டியைப் பார்ப்போம்" என்றார்.

இதே பதிலைத்தான் அதற்கு முந்திய செமஸ்டரிலும் சொல்லியிருக்கிறார் என்பதை அத்தை பிறகு சமையலறையில் சொன்னார். மாமா விடியற்காலை மூன்று மணிக்கு மலை ஏறும் நாள்களில், அவர் சந்தையிலிருந்து அழைக்கும்வரை அத்தைக்குத் தூக்கம் இல்லையாம். என் கட்டணத்தின் உண்மையான விலை என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பணமாகக் கொடுத்தால் மாமா வாங்கமாட்டார். எனவே, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் பாகங்களையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வாங்குவதற்கு முன் எது தேய்ந்திருக்கிறது என்று உறுதிப்படுத்த வேண்டும். பீடோரில் பட்டறை வைத்திருக்கும் உறவுக்கார அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்தார். முறை மிகவும் எளிது. ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதாக அசைக்க வேண்டும். மற்றவர் ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எந்த இணைப்பின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. எங்கள் வண்டியில் பாக்ஸுக்குக் கீழேயுள்ள கைகளும் டை ராட் முனைகளும் நன்றாகவே இருந்தன. மேலிருந்து வரும் தண்டைப் பாக்ஸோடு இணைக்கும் யுனிவர்சல் மூட்டுதான் தேய்ந்து கிடந்தது. தண்டின் மேல்முனையைத் தாங்கும் பேரிங்கும் காய்ந்து துருப்பிடித்திருந்தது.

ஹாஃப் கட் கடையில் பழைய மூட்டு பாதி விலைக்குக் கிடைத்தது. அண்ணன் வேண்டாம் என்றார். "அதுவும் இதே வயசு வண்டியிலேருந்து கழட்டினதுதானே தங்கச்சி? கதவு, கண்ணாடின்னா பழசு வாங்கலாம். உயிரைப் பிடிச்சிக்கிட்டிருக்கிற சாமானைப் பழசா வாங்கக்கூடாது." புதிய மூட்டும் புதிய பேரிங்கும் வாங்கினோம்.

கழற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. முதலில் சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினோம். ஸ்டீரிங் வளையத்துக்கும் தண்டுக்கும் குறுக்கே ஓர் அடையாளக் கோடு. மூட்டின் இரு பக்கமும் அதேபோல் கோடு. பிறகு வளையத்தின் நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தினோம். முழுதாகக் கழற்றாமல் சில சுற்றுகள் விட்டுவைத்தோம். இழுக்கும்போது வளையம் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. எங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது. ஏர்பேக் உள்ள வண்டியென்றால் இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடமே விட்டுவிட வேண்டும்.

வளையத்தை எடுக்கச் சுத்தியலை நான் தேடியபோது, அண்ணன் புல்லரை நீட்டினார். அதற்கு ஒரு காரணம் உண்டு. முற்காலத்து வாகனங்களில் ஸ்டீரிங் தண்டு ஒரே விறைப்பான கம்பி. முன்னால் மோதினால் அது ஈட்டிபோல் ஓட்டுநரின் மார்பில் பாயும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1967ஆம் ஆண்டு மாடல்களில் மோதலின்போது மடங்கிச் சுருங்கும் தண்டைக் கொண்டுவந்தது. 1968இல் அமெரிக்கா கார்களுக்கு இது குறித்த பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தியது. இத்தகைய தண்டுகள் பலவற்றில், இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பவை சிறிய பிளாஸ்டிக் ஊசிகளே. மோதலில் உடைய வேண்டும் என்றே அவை வைக்கப்பட்டுள்ளன. சுத்தியலால் ஓங்கி அடித்தால் பட்டறையிலேயே உடைந்துவிடும். பார்வைக்கும் தெரியாது.

மூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது; முழுதாக உருவ வேண்டும். அது தண்டிலுள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால்தான், தளர்ந்தாலும் மூட்டு நழுவாமல் இருக்கிறது. புதியதைப் பொருத்தும்போது நாங்கள் போட்ட கோடுகள் கைகொடுத்தன. ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும் வண்டி நேராகப் போகையில் ஸ்டீரிங் கோணலாக நிற்கும். இரண்டு மூட்டுகள் உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாய்வாக நிற்கும் ஒரு மூட்டு, சீராகச் சுற்றினாலும் மறுமுனையைச் சற்று வேகமாகவும் சற்று மெதுவாகவும் மாறிமாறிச் சுழற்றும். இரண்டாவது மூட்டு சரியான நிலையில் இருந்தால்தான் அந்தக் குறை சமனாகும். விரிவுரை மண்டபத்தில் சமன்பாடாக எழுதிய இந்தப் பாடத்தை அன்று கிரீஸ் படிந்த கையால் தொட்டுப் பார்த்தேன்.

கடைசியாக, முன்பு இறுக்கப்பட்ட பாக்ஸ் திருகைச் சரியான அளவுக்குத் தளர்த்தினோம். இதையும் சக்கரம் நேராக இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். பாக்ஸின் உள்ளே பற்கள் மிக நெருக்கமாகச் சேர்வது நடுநிலையில்தான். அங்கே தேவைக்கு மேல் இறுக்கினால் ஸ்டீரிங் தானாகத் திரும்பாது. பற்களும் விரைவில் தேயும்.

மாலையில் மீண்டும் அளவுகோலை வைத்தேன். 15 மில்லிமீட்டர். மறுநாள் சரக்கோடு மலையிலிருந்து இறங்கிய மாமா, "கை சும்மா இருக்குதும்மா" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் அவர் ஆறு மணிவரை தூங்கியதாகத் தங்கை தொலைபேசியில் சொன்னாள்.

தமிழ்மொழிக் கழகத்து மலருக்கு எழுதுவதால் இதையும் சொல்ல வேண்டும். அன்று கழற்றிய பாகங்களின் பெயர்களை நான் குறித்துக்கொண்டேன். பேரிங்குக்குத் 'தாங்கி' என்று எழுதினேன், ஷாஃப்டுக்குத் 'தண்டு'. ஸ்டீரிங்குக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் 'சுக்கான்' என்ற சொல்லை அண்ணனிடம் சொன்னேன். கப்பலின் திசையைத் திருப்பும் பகுதிக்கும் அதே பெயர்தான் என்றதும் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தமிழில் சொன்னால் புரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். வேலை தெரிந்தவருக்குச் சொல் ஒரு தடையே அன்று. தாங்குவது தாங்கி என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்பு மாணவ நண்பர்களே, நம்மில் பலருடைய படிப்புக்குப் பின்னால் ஒரு பழைய லாரியோ, வேனோ, மோட்டார் சைக்கிளோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்டுபவர்கள் குறை சொல்லிப் பழகாதவர்கள். "பழகிடுச்சு" என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களை நேராக்கி, பவர் ஸ்டீரிங் என்றால் இன்ஜினை ஓடவிட்டு, வளையம் எவ்வளவு வெறுமனே நகர்கிறது என்று அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். அளவு கூடுதலாக இருந்தால், கட்டணம் கட்டும் தேதிவரை அதைத் தள்ளிப்போட விடாதீர்கள்.