தரைக்குள் எட்டிப் பார்க்கும் வண்டி

சென்னையில் ரோட்டைத் தோண்டாத நாள் உண்டா? தி.நகரில் ஒருத்தர் கேபிளுக்காகத் தோண்டி மூடினால், அடுத்தவர் குழாய்க்காகத் தோண்டுவார். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கடப்பாரையை இறக்கினால் குடிநீர்க் குழாய் உடையும். மின்சார கேபிளில் பட்டால் ஆளே போய்விடலாம்.

இதற்குத்தான் ஜி.பி.ஆர். என்கிற தரை ஊடுருவும் ரேடார். பார்க்கத் தள்ளுவண்டி மாதிரி இருக்கும். அடியில் உள்ள ஆன்டெனா, ரேடியோ அலையைத் தரைக்குள் அனுப்பும். வழியில் வேறு பொருள் இருந்தால் அலையில் ஒரு பங்கு திரும்பி வரும். திரும்பிவர ஆன நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் திரையில் குழாய், குழாயாகவே தெரியாது. கவிழ்த்த வளைவாகத்தான் தெரியும். அதைப் படிக்க அனுபவசாலி வேண்டும்.

மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். உலர்ந்த மணலில் பல மீட்டர் போகிற அலை, ஈரக் களிமண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே ஓய்ந்துவிடலாம். தி.நகரோ 1920களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய இடம்! மயிலாப்பூர், அடையாறு கடலோரத்தில் மணல் உண்டு. ஆனால் அதில் உப்புத் தண்ணீர் ஊறியிருந்தால் அங்கேயும் இதே கதைதான்.

இந்த ரேடார் எவ்வளவு தூரம் நம்பக்கூடியது? உத்தரகண்டில் நடந்ததைப் பாருங்கள். 2023 நவம்பர் 12 அன்று சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அவர்களை வெளியே கொண்டுவர, இடிபாடுகள் வழியாகப் பெரிய குழாயைச் செலுத்தினார்கள். நடுவில் ரேடார் வைத்துப் பார்த்து, அடுத்த 5 மீட்டருக்கு உலோகத் தடை இல்லை என்று நவம்பர் 24 அன்று சொன்னார்கள். அன்றைக்கே துளையிடும் இயந்திரம் மறுபடி முட்டி நின்றது. கடைசியில் 'எலி வளை' முறையில் கையால் குடையும் தொழிலாளர்கள்தான் மிச்சத் தூரத்தைக் கடந்தார்கள். நவம்பர் 28 அன்று 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இதனால் ரேடார் வீண் என்று அர்த்தமில்லை. பி.காம். மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆடிட்டர் கண்ணில் தப்பு எதுவும் படவில்லை என்பதும், தப்பே நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. ரேடாரில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பழைய வரைபடத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முதலில் கையால் சின்னக் குழி தோண்டிப் பார்க்க வேண்டும். ஜே.சி.பி. அதற்கப்புறம் வரட்டும். கீழே இறங்கி வேலை செய்கிறவர் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்ப வேண்டாமா?