கடைமடையில் ஒரு ஜெபம்

வேத வாசிப்பு: எசேக்கியேல் 34:17–22



இந்த வாரம் நொய்யலில் தண்ணீர் வந்திருக்கிறது. வெள்ளியங்கிரி மலைகளில் பெய்த பருவமழை செம்மண் நிறத்தில் பேரூர் வரை இறங்கி வந்ததைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தேன். என்னைப் போலவே பலரும் வண்டிகளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைக் காணக் கூட்டம் கூடுகிற ஊராக நம் ஊர் ஆகிவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று கர்த்தரைத் துதித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் ஒரு பெரியவரின் நினைவு வந்தது. அவரைப் பற்றி எழுதாமல் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

அதற்கு முன் நாம் வாழும் நிலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். நமக்கு மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மேகங்கள் தங்கள் சுமையின் பெரும்பகுதியை அதன் மறுபுறத்திலும் உச்சியிலுமே இறக்கிவிடுகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் குளிர்ந்த காற்றும் சாரலுமே. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோவை நகரின் சராசரியோ 700 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை.

நம் தேசம் முழுவதுமே இப்படித்தான் அமைந்திருக்கிறது. மேகாலயாவின் மௌசின்ராமில் ஏறத்தாழ 12,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது. ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில் 200 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல ஆண்டு. பெய்வதில் பெரும்பங்கும் நான்கு மாதங்களுக்குள் பெய்து முடிகிறது. உலக மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இத்தேசத்தில் வாழ்கிறோம். உலகின் நன்னீரில் நமக்கு உள்ளதோ நூற்றுக்கு நான்கு பங்கு. தேவன் குறைவாகக் கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். பங்கிடும் பொறுப்பை நம் கையில் விட்டிருக்கிறார் என்றே சொல்வேன்.

கோவையில் வாழும் நமக்குச் சிறுவாணித் தண்ணீரைப் பற்றி ஒரு பெருமை உண்டு. உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று விருந்தினரிடம் சொல்லிக்கொள்வோம். யார் ருசி பார்த்து வரிசைப்படுத்தினார்கள் என்று எவரும் கேட்பதில்லை! அந்தச் சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973ஆம் ஆண்டு இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்த நீர் மலையைக் கடந்து நம் குழாய்க்கு வருகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பகுதியின் தென்னந்தோப்புகளை வாழவைக்கும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டமும் மேற்கே ஓடிய ஆறுகளின் நீரைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவந்ததே. காலையில் எழுந்து முகம் கழுவுகையில், அயலாருடைய மலையில் பெய்த மழையைக் கையில் ஏந்துகிறோம். நான் அதற்காக நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த நீர் என் வீட்டைவிட்டு எங்கே போகிறது என்று மட்டும் நெடுங்காலம் கேட்டதில்லை.

நம் முன்னோர் அதைக் கேட்டிருக்கிறார்கள். நொய்யல் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிற சிறிய ஆறு. மழைக்காலத்தில் மட்டுமே பெருகும். அதை நம்பி வாழ்ந்தவர்கள் ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி போன்ற தாழ்ந்த அணைக்கட்டுகளைக் கட்டி, வெள்ளத்தின் ஒரு பங்கை மட்டும் வாய்க்காலில் திருப்பிக் குளங்களுக்குக் கொண்டுசென்றார்கள். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவை நம் நகருக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு குளம் நிறைந்தால் மிகுதி நீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த குளத்திற்குப் போகும். நிறைந்த குளம் தன் நிறைவைத் தானே வைத்துக்கொள்ள முடியாதபடி கட்டப்பட்டிருக்கிறது. கடைசிக் குளத்தின் கடைமடை விவசாயியை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் குளத்தின் கலிங்கு உயரத்தை நிர்ணயித்தவர்கள் வேதாகமத்தை வாசித்தவர்கள் அல்லர். வாசிக்கிற நமக்கு அது வெட்கமாக இருக்கவேண்டும்.

பவானி ஆற்றிலிருந்து நொய்யலை நோக்கி ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர் வளைந்து செல்லும் காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றியும் கொங்கு நாட்டில் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அதை வெட்டுவித்த காலிங்கராயர், தன் சொந்த நிலங்களுக்காகவே வெட்டினார் என்று சிலர் பழி கூறினார்களாம். அதனால் தானும் தன் சந்ததியும் அந்த நீரைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதிபூண்டு, ஊரைவிட்டே போய்விட்டாராம். செய்தியின் ஒவ்வொரு வரியும் சரித்திரமா என்பது இருக்கட்டும். இப்படிப்பட்ட ஒருவரை எழுநூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கும் மண் இது.

இனி அந்தப் பெரியவருக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு நான் திருப்பூரில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். சபையில் பாதிக் குடும்பங்களுக்குப் பனியன் தொழிலே சோறு. தையல், கட்டிங், பேக்கிங், சாயப்பட்டறை என்று ஏதாவது ஒன்றில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இருந்தார். அவ்வாண்டு ஜனவரி 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை, கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டதற்காகத் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கை நடத்தியவர்கள் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களின் முகங்களில் பயம் தெரிந்தது. வாடகை, பள்ளிக் கட்டணம், தண்டல்காரரிடம் வாங்கிய கடன். நான் கண்ணீரோடு ஜெபித்தேன். மூடிய பட்டறைகளின் கதவுகளைத் திறந்தருளும் என்று கேட்டேன். சபை உரத்த சத்தமாய் ஆமென் சொன்னது.

ஆராதனை முடிந்தபின் கடைசி வரிசையிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சில ஏக்கர் நிலம் வைத்திருப்பவர். மகள் திருப்பூரில் இருந்ததால் ஞாயிறுதோறும் பேருந்தில் வந்துவிடுவார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் நல்லா இருந்ததுங்க ஐயா. ஆனா ஆமென் சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்றார்.

கோபம் அவர் குரலில் இல்லை. அதனால் எனக்கு இன்னும் கடினமாயிருந்தது.

அந்த வாரமே அவர் தோட்டத்திற்குப் போனேன். 1992இல் கட்டி முடிக்கப்பட்ட அணை அது. நொய்யலின் வெள்ளத்தைத் தேக்கிப் பாசனத்திற்குத் தரவேண்டும் என்பதே நோக்கம். ஆனால் மேலே திருப்பூர் வளர்ந்தது. அணையில் தேங்கியது சாயக் கழிவாயிற்று. தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று கேட்கும் காலம் வந்தது. பெரியவரின் தென்னைகள் மட்டைகள் ஒடிந்து தொங்கி நின்றன. அவர் கிணற்றிலிருந்து ஒரு வாளி நீர் சேந்தி எனக்கு முன் வைத்தார். சாயத் தண்ணீர் என்றதும் நான் சிவப்பையோ நீலத்தையோ எதிர்பார்த்திருந்தேன். அது கண்ணாடிபோலத் தெளிவாயிருந்தது. "வாயில வச்சுப் பாருங்க" என்றார். வைத்த உடனே துப்பினேன். உப்பும் கசப்பும் நாக்கில் வெகுநேரம் நின்றன.

துணியில் சாயம் பிடிப்பதற்கு மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. நீரோடு முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. நிறத்தை நீக்குவது எளிது. கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு தொடுவதேயில்லை. அது மண்ணில் இறங்கி, கிணற்றில் ஊறி, ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

பெரியவர் திண்ணையில் அமர்ந்து இப்படிச் சொன்னார்: "எரிகோ ஊர்த் தண்ணி கெட்டுப்போனப்ப எலிசா உப்பைப் போட்டாருங்க, தண்ணி நல்லாச்சு. எங்க கெணத்துல உப்புத்தானுங்க வியாதியே. இதுக்கு எதைப் போடறதுங்க ஐயா?"

நான் வேதாகமக் கல்லூரியில் எபிரெயு படித்தவன். இரண்டு இராஜாக்கள் புத்தகத்தின் அந்த இரண்டாம் அதிகாரத்தில் பல தடவை பிரசங்கித்தவன். அவருக்குக் கொடுக்க என்னிடம் பதில் இல்லை. நான் அணிந்திருந்த வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்தேன். அதுவும் எங்கோ ஓர் ஆற்றோரத்தில் வெளுக்கப்பட்டதுதானே.

அடுத்த ஞாயிறு அவரையே ஜெபிக்க அழைத்தேன். அவர் முதலில் வேலை இழந்த பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அதிலேயே நெடுநேரம் நின்றார். பிறகு நொய்யலுக்காக இரண்டே வாக்கியம். பட்டறையில் வேலை பார்த்த தம்பி ஒருவர் அதற்கு மெதுவாக ஆமென் சொன்னது என் காதில் விழுந்தது. சபை முழுவதும் சொன்னது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு குடும்பம் அன்றோடு சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது.

இப்போது எசேக்கியேலைத் திறந்து பாருங்கள். முப்பத்துநான்காம் அதிகாரத்தை மேய்ப்பர்களைப் பற்றியதாகவே நாங்கள் பிரசங்கிப்போம்; பொல்லாத மேய்ப்பர், நல்ல மேய்ப்பர் என்று இரண்டு தலைப்பில் முடித்துவிடுவோம். பதினேழாம் வசனத்தில் தேவன் ஆடுகளின் பக்கம் திரும்புகிறார். தெளிந்த நீரைக் குடித்த பிறகு மிச்சத்தை ஏன் காலால் கலக்குகிறீர்கள் என்பதே அவருடைய கேள்வி. கலக்கினவை ஓநாய்கள் அல்ல, அதே மந்தையின் ஆடுகள். அவற்றுக்குத் தீய நோக்கம் இருந்ததாகவும் அங்கே சொல்லப்படவில்லை. தாகம் தீர்ந்தது, நடந்து போயின, அவ்வளவுதான். கலங்கியதைக் குடிக்கவேண்டியிருந்த ஆடுகள் அவற்றின் கண்ணில் படவில்லை. பட்டறை முதலாளிகளைக் கடிந்துகொள்ள இந்தப் பகுதியை எடுப்பது சுலபம். உண்மையில், அந்த உத்தரவுக்குப்பின் அவர்களில் பலர் பெரும் செலவு செய்து, கழிவு நீரை ஆற்றில் விடாமல் மீண்டும் மீண்டும் சுத்திகரித்துப் பயன்படுத்தும் முறைக்கு மாறினார்கள். நம் வீடுகள் அந்த அளவு மாறியிருக்கின்றனவா?

கேட்கக் காரணம் உண்டு. இன்று நான் கோவையில், ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறேன். சென்ற மாதம் சபையின் வாலிபர் சிலரோடு ஒரு சனிக்கிழமை காலை, நம் ஆலயத்தின் கழிவு நீர் போகும் வழியைப் பின்தொடர்ந்து நடந்தோம். ஞானஸ்நானத் தொட்டியைத் திறந்துவிட்டால் அந்த நீரும், அன்பின் விருந்து முடிந்து பாத்திரம் கழுவிய நீரும், கழிப்பறை நீரும் ஒரே சாக்கடையில் சேர்ந்தன. சாக்கடை ஒரு ஓடையில் சேர்ந்தது. மழைநீருக்கென்று இருந்த ஓடை. இப்போது அதில் மழை இல்லாத நாளிலும் கறுப்பு நீர் ஓடுகிறது. ஒரு மணி நேரத்திற்குப்பின் நாற்றம் தாங்காமல் ஒரு தம்பி திரும்பிவிட்டார். மற்றவர்கள் நொய்யல் வரை போனோம். நாங்கள் ஜெபித்துப் பரிசுத்தம் என்று அறிக்கையிட்ட நீர் அங்கே நுரையோடு இறங்கிக்கொண்டிருந்தது.

தொட்டி நீரை இப்போது ஆலய வளாகத்தின் மரங்களுக்குத் திருப்பியிருக்கிறோம். சமையற்கூட நீருக்குக் கல்வாழைப் படுகை ஒன்று அமைக்கவேண்டுமென்று கமிட்டியில் பேசி, இரண்டு கூட்டங்களாகச் செலவுக் கணக்கிலேயே நிற்கிறோம். கழிப்பறைத் தொட்டியைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. அதையும் எழுதுவதே நேர்மை.

பெரியவர் இப்போது கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார். பேரூர்ப் பாலத்திலிருந்து திரும்பிய அன்று மாலை அவருடைய மகனைத் தொலைபேசியில் அழைத்து, இங்கே ஆறு பெருகி வருகிறது, அங்கே வந்ததா என்று கேட்டேன்.

"வந்துட்டுதுங்க. மொதத் தண்ணி கறுப்பாத்தானுங்க வரும். பெறவுதான் தெளியும்" என்றார்.

எத்தனை நாளில் தெளியும் என்று கேட்டேன்.

"அது உங்க ஊர்ல இருந்துதானுங்க ஐயா வரணும்" என்றார்.