என் லேப்டாப்பும் மூன்றாவது பெஞ்ச் மாணவியும்



பத்து நாட்களாக என் பதிவு எதையும் காணோமே என்று சிலர் போன் செய்து விசாரித்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை, லேப்டாப்புக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. போனில் தமிழ் தட்டச்சு செய்ய என் விரல் ஒத்துழைப்பதில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், வகுப்பில் செய்யாததா!

என்னுடையது 2016ல் ஓய்வு பெற்றபோது வாங்கிய லேப்டாப். நாலைந்து வருடத்தில் அது மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டதால் என் தம்பி மகன் உள்ளே ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். லினக்ஸ் என்றதும் சிலருக்கு பயமாக இருக்கும். அரசு 2011ல் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நானும் அப்போது பார்க்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை கடவுச்சொல்லை அடித்தேன். திரை ஒரு நொடி கறுத்தது, மறுபடி அதே கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. தவறான கடவுச்சொல் என்றால் தவறு என்று சொல்லும். இது அப்படியும் சொல்லவில்லை. வாசல் வரை வா என்று அழைத்து, செருப்பைக் கழற்றியதும் கதவைச் சாத்துவது போல. இருபது முறையாவது அடித்திருப்பேன்.

மறுநாள் டவுனில் ஒரு கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பையன் இரண்டு நிமிடம் பார்த்தான்.

"ஃபார்மேட் அடிச்சிடலாம் சார். அரை மணி நேர வேலை."

"உள்ளே இருக்கிறது?"

"போயிடும். பேக்கப் வெச்சிருப்பீங்கல்ல?"

வைத்திருக்கவில்லை. 34 வருடம் பிள்ளைகளிடம் விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை சரிபார் என்று சொன்னவன், ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை.

உள்ளே இருந்தது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்புக் குழுப் படங்கள் எல்லாம் இருந்தன. அவை போனாலும் உங்களில் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, என் துணைவியாரின் குரல். மகள் மெல்போர்னுக்குப் போன புதிதில் சமையலுக்குச் சந்தேகம் கேட்பாள். இவள் டைப் அடிக்க மாட்டாள், வாய்ஸ் மெசேஜாகச் சொல்வாள். வத்தக்குழம்பு, பருப்புப்பொடி, நடுவில் பக்கத்து வீட்டுச் செய்தி, பின்னணியில் குக்கர் விசில், 'ஏங்க, கேஸை அணைங்க' என்று எனக்கு ஒரு அதட்டல். மொத்தம் 43 பதிவுகள். அவள் காலமான பிறகு அவளுடைய போனின் பேட்டரி உப்பிப்போனது. நான்தான் பதிவுகளை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டு போனைக் கடாசினேன். மகளும் இடையில் போன் மாற்றிவிட்டாள். ஆக, உலகத்தில் அந்தக் குரல் இருந்த ஒரே இடம் கடைக்காரர் மேஜைமேல் இருந்தது. "வேண்டாம் தம்பி" என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.

அன்று இரவு என் பழைய மாணவி ஒருவருக்கு போன் செய்தேன். 1998-99 பத்தாம் வகுப்பு, பி பிரிவு, மூன்றாவது பெஞ்ச். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், அந்த பேட்ச்காரர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். கோவையில் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். எல்லாம் லினக்ஸ் சர்வர்கள்.

"சார், முதல்ல பதறாதீங்க. கதவு திறக்கலைன்னா வீடு இடிஞ்சு போச்சுன்னு அர்த்தம் இல்ல. பின்வாசல் இருக்கு."

பின்வாசல் என்பது கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்துவது. அழுத்தினேன், சத்தம் கூடியது. என் லேப்டாப்பில் எஃப்என் பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டுமாம். நான்கு விரல் வீணை வாசித்த பிறகு படமெல்லாம் மறைந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பெயரைக் கேட்டது, கொடுத்தேன். கடவுச்சொல் அடித்தால் ஒரு புள்ளிகூட விழவில்லை. கீபோர்டும் போச்சு என்றேன். "காட்டாது சார், நீங்க பாட்டுக்கு அடிச்சு எண்டர் தட்டுங்க" என்றாள். தட்டினேன், உள்ளே விட்டது.

"இப்ப டி, எஃப். ஒரு இடம் விட்டு ஹைஃபன், எச். எண்டர்."

"ஏதோ அட்டவணை மாதிரி வருதும்மா."

"ஏதோன்னு சொல்லாதீங்க சார். விடைத்தாள்ல 'ஏதோ' எழுதினா மார்க் கிடையாதுன்னு நீங்கதான் சொல்வீங்க. ஸ்லாஷ் மட்டும் போட்டிருக்கிற வரியை அப்படியே படிங்க."

படித்தேன். மொத்த இடம் 228 ஜிபி. செலவானது 217. மீதி 0. நிரம்பியது நூறு சதவீதம்.

"டிஸ்க் ஃபுல் சார். நீங்க உள்ள போகும்போது ஒரு சின்ன ஃபைல் எழுதணும். எழுத இடம் இல்ல, அதான் திருப்பி அனுப்புது."

எனக்கு வேறொன்று உறுத்தியது. 228ல் 217 போனால் 11. இது 0 என்கிறதே? கணக்கு வாத்தியாரிடம் கழித்தல் தப்பாகக் காட்டுகிற இயந்திரத்தை எப்படி நம்புவது? கேட்டேன். அவள் சந்தோஷப்பட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது. இந்த மாதிரி டிஸ்க்கில் சாதாரணமாக ஐந்து சதவீதத்தை ரூட் என்ற நிர்வாகிக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்துவிடுமாம். மற்றவர்கள் கேட்டால் காலி என்று கை விரித்துவிடும். 228க்கு ஐந்து சதவீதம் போட்டுப் பாருங்கள், 11 சொச்சம். நம் வீட்டுப் பெண்கள் கடுகு டப்பாவில் வைக்கிற பணம்தான், வேறென்ன. அந்த டப்பா இருந்ததால்தான் நிர்வாகி வேலை செய்ய இடம் மிஞ்சியிருந்தது.

"எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி, போகக்கூடாததை வெளிய எடுத்துடலாம். என்ன சார் முக்கியம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. "அம்மா எனக்குச் சாப்பாடு போட்டிருக்காங்க சார். ஸ்பெஷல் கிளாஸ் அன்னிக்கு" என்றாள். எனக்கு அது நினைவில்லை.

பென் டிரைவைச் செருகினேன். கறுப்புத் திரையில் அது தானாகத் திறக்காது. எல்எஸ்பிஎல்கே என்று அடித்தால் செருகியிருக்கிற டிஸ்க் எல்லாம் வரிசையாக வரும். பெயரைப் பார்க்காதீர்கள், அளவைப் பார்த்து அடையாளம் காணுங்கள் என்றாள். பெரியது எஸ்டிஏ, பென் டிரைவ் எஸ்டிபி. ஏ எங்கே பி எங்கே என்று ஒவ்வொரு எழுத்தையும் அவளுக்குத் திருப்பிச் சொன்ன பிறகே எண்டர் தட்டினேன். மவுண்ட் செய்து, சிபி ஹைஃபன் ஆர் போட்டு அந்த ஃபோல்டரை நகல் எடுத்து, மறுபடி அன்மவுண்ட் செய்த பிறகுதான் பென் டிரைவை உருவவிட்டாள். 43 பதிவும் சேர்ந்து 26 எம்பிதான். 217 ஜிபி அடைத்துக்கொண்டிருந்த வீட்டில் அவளுக்கு வேண்டியிருந்த இடம் அவ்வளவே.

பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எனக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

அடுத்து, இடத்தை யார் தின்றது? அதற்கு டியூ என்ற கட்டளை. டிஎஃப், டியூ இரண்டுமே யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே, 1971லேயே உண்டாம். நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருடம். மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கினோம். ஹோம் 33, யூஎஸ்ஆர் 9, வார் 170. வாருக்குள் போனால் லாக் என்ற ஃபோல்டர். அதற்குள் சிஸ்லாக் என்று ஒரு ஃபைல் 84 ஜிபி, கெர்ன் டாட் லாக் என்று ஒன்று 83 ஜிபி. இவை கணினி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. பழைய பக்கங்களைக் கட்டி ஒதுக்க ஏற்பாடு உண்டு. எழுதிய வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆபீஸ் போன் வந்தது. "அஞ்சு நிமிஷம் சார், எதையும் தொடாதீங்க" என்று போனாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, எனக்குச் சும்மா இருக்க முடியுமா? சூடோ ஆர்எம் என்று அடித்து சிஸ்லாக்கை நானே அழித்தேன். பெருமையாக டிஎஃப் பார்த்தேன். மீதி 0. ஃபைல் இருந்த இடத்தில் ஃபைல் இல்லை, 84 ஜிபி திரும்பவும் இல்லை. வியர்த்துவிட்டது.

திரும்பி வந்தவளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை.

"சார், அட்டெண்டன்ஸ்ல பேரை அடிச்சுட்டீங்க. பையன் இன்னும் பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கான்."

ஆர்எம் அழிப்பது பெயரை மட்டும்தானாம். அந்த ஃபைலைத் திறந்து வைத்து ஏதாவது ஒரு நிரல் எழுதிக்கொண்டிருக்கும்வரை உள்ளே இருப்பது அப்படியே இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். எழுதுபவன் கையை விட்டால்தான் இடம் காலியாகும். நாட்குறிப்பு எழுதும் நிரலின் பெயர் ஆர்சிஸ்லாக். அதை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினோம். டிஎஃப் பார்த்தால் 84 ஜிபி வந்துவிட்டது. இத்தனை வருடம் வகுப்பறையில் இருந்த எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

இரண்டாவதையும் அழிக்கப் போனேன், தடுத்தாள். "அது சாட்சி சார். என்ன எழுதி வெச்சிருக்குன்னு படிச்சுட்டு அழிக்கலாம்." டெயில் என்ற கட்டளையில் கடைசி இருபது வரி. ஒரே செய்தி, திரும்பத் திரும்ப. வைஃபை கார்டு மாட்டியிருக்கும் தடத்தில் பிழை என்றது. பிழையின் தீவிரம் என்ற இடத்தில் 'கரெக்டட்', அதாவது சரிசெய்யப்பட்டது என்று போட்டிருந்தது. சமிக்ஞை ஒன்று வழியில் சிதைகிறது, வன்பொருளே அதைத் திருத்திக்கொள்கிறது, திருத்தியதை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கிறது. நான் இரவும் பகலும் அணைக்காமல் வைத்திருந்ததில் நொடிக்குப் பல வரி. சரியாகிப்போன தப்புகளின் பட்டியல் 167 ஜிபி.

சிரித்துவிட்டேன். அப்போதுதான் அவள் சொன்னாள்: "நீங்க நோட்டு திருத்தும்போது முழுக் கணக்கையும் குறுக்கால அடிச்சிடுவீங்க சார். எந்த வரியில தப்புன்னு போட மாட்டீங்க. நான் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வரியா தேடுவேன். இந்த வேலையில எனக்கு அந்தப் பழக்கம்தான் சோறு போடுது."

அது பாராட்டா புகாரா என்று நான் கேட்கவில்லை. 50 நோட்டு, ஒரு ஃப்ரீ பீரியட் என்று ஒரு சமாதானம் என்னிடம் உண்டு. அன்று அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவது ஃபைலை ஆர்எம் போடாமல் டிரங்கேட் என்ற கட்டளையால் அளவை 0 ஆக்கினோம். பையனை வெளியே அனுப்பாமல் அவன் நோட்டை மட்டும் காலியாக்குவது. பிறகு கணினி தொடங்கும்போது படிக்கிற அமைப்பு ஃபைலில், 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருந்த வரியில், 'பிசிஐ ஈக்வல் டு நோஏஇஆர்' என்று ஒரு சொல் சேர்த்து, அப்டேட் கிரப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தோம். இது நோயைத் தீர்க்கவில்லை, புலம்பலை மட்டும் நிறுத்தியிருக்கிறது, வைஃபை அடிக்கடி அறுந்தால் கார்டை மாற்ற வேண்டியிருக்கும் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள். இதுவரை அறுகவில்லை. கடவுச்சொல்லை அடித்தேன், கதவு திறந்தது. மணி பதினொன்றரை. அவள் இன்னும் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு அவனிடம் எத்தனை லேப்டாப் வருமோ. ஆனால் உங்களிடம் யாராவது ஃபார்மேட் என்றால், முதலில் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால் இன்று மாலையே ஒரு பென் டிரைவ் வாங்குங்கள்.

அந்தப் பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. லேப்டாப்பில், பீரோவில், மகளிடம். ஞாயிற்றுக்கிழமை பால் கணக்கு பார்க்கும்போது டிஎஃப்பும் பார்த்துவிடுகிறேன். நேற்று மீதி 170 ஜிபி.

உறவினர்கள் கேட்டுக்கொண்டபடி எலுமிச்சை ஊறுகாய்ப் பதிவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். உப்புக்கு அளவு என்ன என்று எனக்கு போன் செய்யாதீர்கள். 'ஒரு கை' என்றுதான் சொல்கிறாள்.