சட்டம் ஏன் விழுந்தது என்று கேள்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்பின் மகளுக்கு,

இனி உயரம் பாயப் போவதில்லை என்று நீ சொன்னதாக அம்மா சொன்னா. மாகாணப் போட்டியில் தொடக்க உயரத்திலேயே மூன்று முறையும் சட்டம் விழுந்தது உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை சித்தப்பா" என்று பஸ் ஏறும்போது சொன்னாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உன் விளையாட்டையே கொஞ்சம் யோசித்துப் பார். ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவருக்கு அதோடு வேலை முடிந்தது. உயரம் பாய்தலில் அப்படியில்லை. மற்ற எல்லோரும் வெளியேறிய பிறகும் வென்றவருக்காகச் சட்டத்தை உயர்த்திக்கொண்டே போவார்கள். போதும் என்று அவராக நிறுத்தினாலொழிய, மூன்று முறை தட்டிவிட்டுத்தான் அவரும் வெளியே வருவார். தங்கம் வென்றவரின் பெயருக்கு நேரே நடுவரின் தாளில் பெரும்பாலும் கடைசியாக இருப்பது மூன்று பெருக்கல் குறிகள்தான். ஆகவே, சட்டம் விழாது என்ற நம்பிக்கை இந்த விளையாட்டில் எவருக்கும் வாய்க்காது. விழுந்தால் ஏன் விழுந்தது என்று தெரியும், அதைத் திருத்தவும் தெரியும் என்கிற நம்பிக்கைதான் உனக்கு வேண்டும். அதை யாரும் பழகிக்கொள்ளலாம்.

அன்று மைதான ஓரத்தில் நின்று உன் பாய்ச்சல் ஒவ்வொன்றையும் கவனித்தேன். முதல் முறை வேகமும் எழும்பலும் நன்றாகவே இருந்தன. உடம்பு முழுக்கத் தாண்டிய பிறகு குதிகால்தான் பட்டது. இரண்டாம் முறை வளைவில் வந்த கடைசி எட்டுகள் குறுகிவிட்டன. சட்டத்துக்கு மிகக் கிட்டப் போய் எழும்பினாய், தோள் பட்டது. மூன்றாம் முறை ஓடத் தொடங்குமுன், ஓட்டத்துக்கு நீ வைத்த அடையாளத்தைப் பார்க்கவேயில்லை, சனம் இருந்த பக்கம்தான் பார்த்தாய். மூன்றும் மூன்று விதமான பிழைகள். நீயோ மூன்றையும் ஒன்றாகக் கட்டி "என்னால ஏலாது" என்று பெயர் வைத்துவிட்டாய். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு பயிற்றுநரும் உனக்கு உதவ முடியாது. "கடைசி எட்டு குறுகுது சேர்" என்று சொல்லிப் பார், அடுத்த நாளே அதற்கொரு பயிற்சி தருவார்.

அல்பேர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் இந்த நம்பிக்கையைப் பற்றி எழுதினார். தன்னால் முடியும் என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் அதிக வலிமையுள்ளது முதலாவது. நானும் அம்மாவும் எத்தனை முறை "உன்னால் முடியும்" என்று சொன்னாலும், நீயே தாண்டிய ஒரு பாய்ச்சலுக்கு அது ஈடாகாது.

உன்னைப் போன்ற ஒருவர் வேண்டுமென்றால் நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைத் தெரிந்துகொள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தபோது அவருக்கு இன்னும் 18 வயது நிரம்பவில்லை. பதக்கம் இல்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக், அங்கும் பதக்கம் இல்லை. 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். உனக்கிருக்கும் தடித்த மெத்தை அந்தக் காலத்தில் இல்லை. ஹெல்சிங்கிக்கும் ரோக்கியோவுக்கும் இடையில் ஆறு வருடங்கள் அவர் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருந்தார். நீ ஒரு போட்டியை வைத்து உன்னை எடைபோடுகிறாய், மகள்.

போட்டிக்கு முன் நெஞ்சு படபடப்பதும் கை குளிர்வதும் பயந்தாங்கொள்ளியின் அடையாளம் என்று நினைக்காதே. உடம்பு பாய்ச்சலுக்குத் தயாராகும்போது அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் மூச்சை மெதுவாக விட்டு, உன் அடையாளத்தைப் பார், பிறகு ஓடு. ஒவ்வொரு முறையும் இதே ஒழுங்கில் செய். அப்போது கண் சனத்தின் பக்கம் போகாது.

ஒரு கொப்பி வாங்கிக்கொள். பயிற்சி முடிந்ததும் மூன்று விஷயம் எழுது: எந்த உயரம் தாண்டினாய், சட்டம் விழுந்தால் உடம்பில் எந்த இடம் பட்டது, நாளைக்கு எதைத் திருத்தப் போகிறாய். உனக்கு நிச்சயமாகத் தெரிந்த உயரத்தில் தொடங்கு. அதை இரண்டு மூன்று முறை சுத்தமாகத் தாண்டிய பிறகு சிறிது சிறிதாக ஏற்று. போட்டியில் எந்த உயரத்தில் தொடங்குவது என்பதையும் அந்தக் கொப்பியைப் பார்த்து சேரோடு பேசி முடிவெடு. மற்றப் பிள்ளைகள் எங்கே தொடங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டாம்.

விடுமுறைக்கு வா. கச்சான் காற்று ஏறுமுன் விடியற்காலையில் நம் உவர்மலை ஏற்றத்தில் ஓடுவோம். பிறகு சட்டமே இல்லாமல், வளைவில் ஓடி வருவதை மட்டும் பழகலாம். நான் ஒவ்வொரு எட்டையும் சுண்ணாம்பால் அடையாளமிட்டு அளந்து தருகிறேன்.

பாய்வதை விடுவதும் தொடர்வதும் உன் விருப்பம். நீ பாயாவிட்டாலும் எங்களுக்கு நீதான் செல்லப் பிள்ளை. ஆனால் அந்த மூன்று பாய்ச்சலையும் காரணம் காட்டி விட்டுவிடாதே. அடுத்த வலயப் போட்டிவரை கொப்பியை எழுது. பிறகு அதை முதலிலிருந்து வாசித்துப் பார்த்து முடிவெடு. எந்த முடிவென்றாலும் நான் உன் பக்கம்தான்.

அன்புடன்,
சித்தப்பா