ஓர் எழுத்து மாறினால்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

'அரம்' இரும்பைத் தேய்ப்பது. 'அறம்' வாழ்வைக் காப்பது. ஓர் எழுத்து மாறியதும் பொருள் அடியோடு மாறிவிடுகிறது. தமிழ் வகுப்பில் கேட்ட இச்செய்தி, உயிரியல் வகுப்பிலும் எனக்குக் கைகொடுத்தது.

காசநோய்க் கிருமியில் 'ஆர்.பி.ஓ.பி.' என்றொரு மரபணு உண்டு. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் நொதியின் ஒரு பகுதியை உருவாக்குவது அது. ரிஃபாம்பிசின் என்னும் மருந்து அந்நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்திவிடும். ஆனால், அம்மரபணுவில் டி.சி.ஜி. என்றிருக்கும் ஓரிடம் டி.டி.ஜி. என்று மாறினால், சீரின் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் லியூசின் வந்து அமர்கிறது. மருந்து முன்போல் ஒட்ட முடிவதில்லை, கிருமி பிழைத்துக்கொள்கிறது. மாறியது ஓர் எழுத்துத்தான்!

இது எனக்கு வெறும் பாடமன்று. என் தந்தை சுமை தூக்கும் தொழிலாளி. அவருக்குக் காசநோய் வந்தது. இருமல் நின்றதும் மாத்திரையை விட்டார்; மீண்டும் இருமியதும் மிச்சமிருந்ததை விழுங்கினார். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும்; குமட்டினால் மூட்டை தூக்க முடியாது; தூக்காத நாளில் கூலி கிடையாது. பின்னர் சளிப் பரிசோதனையில் 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு' என்று வந்தது. "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்றார்கள் தெருவில். வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவனே. எனக்கும் அப்போது அதற்குமேல் விளங்கவில்லை.

பழகியது உடம்பன்று. மருந்தைக் கண்டபின் கிருமி மாறியதும் அன்று. 1943ஆம் ஆண்டில் லூரியா, டெல்புருக் என்னும் அறிஞர்கள் பாக்டீரியாக்களை வைரஸுக்கு எதிரே விட்டுச் சோதித்தனர். எதிர்க்கும் மாற்றம், பகையைக் காணுமுன்பே தற்செயலாகத் தோன்றிவிடுகிறது என நிறுவினர். காசநோய்க் கிருமிகளில் ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினை எதிர்க்கும். பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியசிடை எதிர்க்கும். இரண்டையும் ஒருசேர எதிர்க்கும் கிருமி எவ்வளவு அரிது என்பதை அறிய, அவ்விரு எண்களையும் பெருக்கிப் பாருங்கள்! மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் காரணம் இதுவே. விட்டுவிட்டு உண்டாலோ எளியவை மடிய, எதிர்ப்பவை பெருகுகின்றன.

சென்னையில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளும் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என 1959இல் உலகுக்குக் காட்டியது. வீட்டிலேயே உண்ணலாம், ஆனால் விடாமல் உண்ண வேண்டும். அதற்கு மாத்திரையோடு ஒரு பிடி சோறும் வேண்டும். ஓய்வெடுக்கும் நாளுக்குக் கஞ்சிக்கு வழியும் வேண்டும். இதை எந்த நுண்ணோக்கியும் காட்டாது. வேறு மருந்துகளை அம்மா நாள்தோறும் எண்ணிக் கொடுக்க, மாதக்கணக்கில் உண்டு, தந்தை இன்று நலமாயிருக்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, இருமல் நின்றதும் மாத்திரையை மறந்தவர் ஒருவரேனும் நம் தெருவில் இருப்பார். அவரைக் கடிந்து பேச வேண்டா. அருகில் அமர்ந்து, சாப்பிட்டாரா என்று முதலில் கேட்போம். மருந்தைப் பற்றிப் பிறகு சொல்வோம்.